அறிக்கை தாமதம் என்பவர்கள் போத்தலையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில் மூதூர் அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தை வாசித்தேன். தம் தாயாரின் மார்பிலிருந்து அகற்றிய கட்டியின் பரிசோதனை அறிக்கை கைக்கு வர 24 நாள் சென்றது என்றும், ஆய்வுகூடத்தில் இருப்பவர்களுக்கு ஈவிரக்கம் கிடையாதா என்றும் அவர் கேட்டிருந்தார். அவருடைய கோபத்தில் பிழை காண எனக்கு மனமில்லை. பெற்றவளுக்குப் புற்றுநோயா இல்லையா என்று தெரியாமல் 24 இரவு படுத்து எழும்புவது சின்ன விடயமா? ஆனாலும் அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. என் வாழ்க்கையில் 29 வருடத்தை அப்படிப்பட்ட அறைகளிலேயே கழித்தவள் நான்.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக மூன்று மாவட்டங்களில் வேலைசெய்து ஓய்வுபெற்று, இப்போது நான்கு வருடமாக உவர்மலையில் இருக்கிறேன். இரத்தமும் சிறுநீரும் பார்க்கும் பகுதியை எல்லோருக்கும் தெரியும். காலையில் கொடுத்தால் பின்னேரம் அறிக்கைத் துண்டு வந்துவிடும். நான் இருந்தது இழையப் பகுதியில். வெட்டியெடுத்த கட்டி, கருப்பை, பித்தப்பை, தோல் துண்டு, ஊசியால் எடுத்த நூல் போன்ற ஈரல் துணுக்கு என்று எல்லாம் வந்து சேரும் இடம் அது. வைத்தியசாலைக்குள்ளேயே பலருக்கு அந்த அறை எங்கே இருக்கிறது என்று தெரியாது. மணத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

ஏன் நாட்கள் ஆகின்றன என்பதை முதலில் சொல்கிறேன். இழையத்தை அப்படியே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்க முடியாது. முதலில் அது, இழையத்தைக் கெடாமல் இறுக்கும் போமலின் என்ற திரவத்தில் கிடந்து பதப்பட வேண்டும். பிறகு நோயியல் வைத்தியர் அதைப் பார்த்து, தடவி, அளந்து, நோய் இருக்கக்கூடிய இடத்திலிருந்து முத்திரை அளவுத் துண்டுகளை வெட்டித் தருவார். அந்தத் துண்டுகளைச் சின்னப் பிளாஸ்ரிக் கூடுகளில் அடைத்து இரவு முழுவதும் இயந்திரத்தில் விடுவோம். செறிவு கூடிக்கூடிப் போகும் மதுசாரம் இழையத்தின் நீரை வெளியேற்றும். சைலின் என்ற கரைப்பான் அந்த மதுசாரத்தை வெளியேற்றும். 60 பாகை செல்சியஸ் அளவில் உருகிய பரபின் மெழுகு வெறுமையான இடத்தை நிரப்பும். மறுநாள் காலையில் அதை மெழுகுக் கட்டியாக வார்த்து, 4 மைக்கிரோமீற்றர் தடிப்பில் சீவுவோம். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சீவியது வெதுவெதுப்பான நீரில் ரிப்பன் போல் மிதக்கும். அதைச் சுருக்கம் விழாமல் கண்ணாடியில் ஏந்தி எடுத்து, மெழுகை நீக்கி, சாயம் ஊட்ட வேண்டும். கலத்தின் கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். அந்த நீலச் சாயம் மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கப்படுவது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் கிண்டிய மக்களின் வழிவந்த எனக்கு, ஒரு மரச்சாயம் இன்றும் மனிதரின் நோயைக் காட்டிக் கொடுக்கிறது என்பதில் எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் சிறு துண்டு ஒன்றுக்கு மூன்று நான்கு வேலைநாள் போதும். எலும்பு என்றால் அமிலத்தில் ஊறிச் சுண்ணாம்பு கரையும்வரை கூடுதலாக நாட்கள், சில வேளை வாரங்கள். அப்படியானால் 24 நாள் எங்கே போகிறது? என் காலத்தில் நாட்கள் தொலைந்த இடங்களை நான் அறிவேன். வாகனம் போகும் நாள்வரை விடுதி மேசையிலேயே கிடந்த போத்தல்கள். வயது இல்லாமல், எடுத்த இடம் இல்லாமல், கையொப்பம் மட்டும் இருந்த படிவங்கள். தொலைபேசியில் கேட்டால் வைத்தியர் விடுமுறையில் இருப்பார். மறுபடி கேட்க வேண்டும். கையொப்பமும் வைத்து முடிந்த பிறகு, எடுத்துக்கொண்டு போக ஆளில்லாமல் தட்டில் கிடந்த அறிக்கைகளும் உண்டு. இன்ன திகதிக்கு வந்து பாருங்கள் என்று அந்த நோயாளிக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கமாட்டேன். இயந்திரம் பழுதானால் திருத்துபவர் கொழும்பிலிருந்து வர வேண்டும். இருக்கும் ஒரேயொரு நோயியல் வைத்தியர் இடமாற்றமாகிப் போனால், சாயமிட்ட கண்ணாடிகள் தட்டுத் தட்டாகக் காத்துக் கிடக்கும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்த கிழமையில், இயந்திரம் நடு இரவில் நின்று இழையங்கள் சைலினிலேயே கிடந்து மொரமொரத்துப் போய்விடுமோ என்று பயந்து, நானும் ஒரு தம்பியும் ஆய்வுகூடத்திலேயே படுத்து, கையால் கூடைகளை மாற்றினோம்.

ஆனால் தாமதத்தைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பத்திரிகைக்கு எழுதுவதில்லை. கட்டியை அகற்றிய முதல் மணித்தியாலத்தில் அதை எதற்குள் போட்டார்கள் என்பதே அது.

உடம்பைவிட்டுப் பிரிந்த கணமே இழையம் கெடத் தொடங்குகிறது. பிடித்த மீனைக் கரையில் வெயிலில் விட்டால் என்ன ஆகும் என்று திருகோணமலையில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. மீனுக்கு ஐஸ், இழையத்துக்குப் போமலின். 1893 இல் ஜேர்மனியின் பிராங்பேட் நகரில் பேர்டினன்ட் புளும் என்ற வைத்தியர் கிருமிகளைக் கொல்லும் மருந்தாக அதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தம் விரல்தோலே இறுகிப் போவதைக் கண்டார். அன்று தொடங்கியது. இன்றும் ஆய்வுகூடங்கள் அதையே நம்பியிருக்கின்றன.

அது வேலைசெய்வதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இழையத்தின் அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு போமலின் வேண்டும். அது உள்ளே ஊறுவதற்கு நேரமும் வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு 1 மில்லிமீற்றர் அளவே அது உள்ளே போகும், ஆழம் கூடக்கூட இன்னும் மெதுவாகும். முழுக் கருப்பையை வாய் ஒடுங்கிய போத்தலுக்குள் அமுக்கி, மேலே இரண்டு விரல் உயரத்துக்குப் போமலின் விட்டு அனுப்பியதை எத்தனை முறை கண்டிருக்கிறேன்! வெளிப்புறம் அவித்த கணவாய் போல் இறுகியிருக்கும். கத்தி உள்ளே போனதும் நடுப்பகுதி கூழாக வழியும். உள்ளே போனபோது மெதுமெதுவென்று இருந்தது இறுகியபின் கழுத்தால் வெளியே வராது. போத்தலைத் துணியில் சுற்றி உடைத்து, கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிய நாட்கள் உண்டு. ஒரு கண்ணாடித் துணுக்கு தப்பினால் சீவும் கத்தி போய்விடும்.

மார்பகக் கட்டிக்கு இது இன்னும் முக்கியம். வெறுமனே புற்றுநோயா இல்லையா என்று பார்ப்பதோடு அங்கே வேலை முடிவதில்லை. அந்தக் கலங்களில் ஹோர்மோன் ஏற்பிகள், அதாவது உடம்பின் ஹோர்மோன் வந்து பற்றும் புரதங்கள், இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பல வருடம் விழுங்கப்போகும் மாத்திரை அந்தப் பெண்ணுக்குப் பயன்தருமா என்பது அதில்தான் தெரியும். அந்தப் பரிசோதனை நம்பகமாக வர, அகற்றி ஒரு மணித்தியாலத்துக்குள் கட்டி போமலினுக்குள் போக வேண்டும், 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் அதில் கிடக்க வேண்டும். கட்டி பெரிதென்றால், பாணை வெட்டுவது போல் இடையிடையே கீறிவிட வேண்டும். கீறாவிட்டால் நடுவுக்குப் போமலின் எட்டுமுன் அங்கே இருக்கும் ஏற்பிகள் கெட்டுவிடும். மூதூர் அன்பர் தம் தாயாருக்காக எண்ணிய நாட்கள் 24. எண்ண வேண்டிய மணித்தியாலங்களை அவருக்கு யாராவது சொன்னார்களா?

பல வருடங்களுக்கு முன்பு நடந்த ஒன்றை எழுதுகிறேன். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. நீண்ட விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம், 19 வயதுப் பிள்ளை ஒருத்தியின் கழுத்திலிருந்து ஒரு நெறிக்கட்டியை எடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் போத்தல் என் மேசைக்கு வந்தது. மூடியைத் திறந்ததுமே மணம் சொல்லிவிட்டது. உள்ளே இருந்தது போமலின் அல்ல, சேலைன் என்னும் உப்புநீர். இருந்தாலும் மனம் கேளாமல் போமலினில் இட்டு, மறுநாள் இயந்திரத்தில் விட்டு, சீவி, சாயமிட்டோம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், மழையில் நனைந்த மை எழுத்தைப் போல் கலங்களின் எல்லைகள் எல்லாம் கரைந்து கிடந்தன. நோயை அறிய முடியாத நிலையில் இழையம் உள்ளது என்று வைத்தியர் எழுதிக் கையொப்பம் வைத்தார். அந்தப் பிள்ளையின் கழுத்தை மறுபடியும் வெட்டினார்கள். இரண்டாவது துண்டில் காசநோய் என்று தெரிந்தது, மருந்தெடுத்துச் சுகமானாள். அவளுடைய தாயார் அறிக்கையை வாங்க வந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "முதல் துண்டை என்ன செய்தீர்கள் பிள்ளை?" நான் அவரை வாங்கில் இருத்தி, நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த விடுதித் தாதியைத் தேடிப் போய்ப் பேசினேன். அவர் அலட்சியக்காரர் அல்லர். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் போமலினில் போடக்கூடாது, அது கிருமியைக் கொன்றுவிடும் என்று அவர் படித்தது சரியே. ஒரு பாதியைச் சுத்தமான சேலைனிலும் மறு பாதியைப் போமலினிலும் பிரித்து அனுப்ப வேண்டும் என்பதையும், சேலைன் போத்தல் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. போமலினுக்கு ஆள் அனுப்பியிருந்தாலும் கிடைத்திராது. வெள்ளி நான்கு மணிக்கு எங்கள் கதவு பூட்டியிருந்தது. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து, எங்கள் வைத்தியரின் அனுமதியோடு, வாய் அகன்ற போத்தல்களில் போமலினை முன்கூட்டியே நிரப்பி விடுதிகளுக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் அனுப்பத் தொடங்கினோம். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. எந்த அளவு இழையத்துக்கு எந்தப் போத்தல் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மூடியில் அல்ல, போத்தலின் உடலில் ஒட்டினோம். ஏன் உடலில் என்கிறேன் என்றால், மூடிகள் மாறிப்போகும். ஒரே நாளில், ஒரே விடுதியிலிருந்து, ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் கொண்ட இரண்டு பெண்களின் போத்தல்கள் வந்தன. இரண்டிலும் பெயர் மூடியில். படிவத்தில் பித்தப்பை என்றிருந்தவளின் போத்தலில் குடல்வால் கிடந்ததால் தப்பினோம். இருவருக்கும் பித்தப்பையே எடுத்திருந்தால்? எங்கள் பக்கத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் எழுதும் வழக்கம் இருப்பதால் இந்த ஆபத்து அதிகம். முழுப்பெயரும் விடுதிப் பதிவிலக்கமும் இரண்டும் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்காக என்னைக் கடுமையானவள் என்றார்கள். இருக்கட்டும். எங்கள் மேசையில் பேனையே கிடையாது. மை மதுசாரத்திலும் சைலினிலும் கரைந்துவிடும் என்பதால் இலக்கங்களைப் பென்சிலால் எழுதுவோம். இரண்டு மார்பகத் துணுக்குகளை அடுத்தடுத்து வெட்ட வைக்கமாட்டோம். இடையில் ஒரு குடல்வாலையோ தோலையோ வைப்போம். சாமணத்தில் ஒட்டிய ஒரு பொட்டு அடுத்தவருடைய கூட்டுக்குள் போனால், நோயில்லாத பெண்ணுக்கு நோய் என்று எழுதப்பட்டுவிடும். இடையில் வேறு உறுப்பு இருந்தால் வந்தேறியை வைத்தியரின் கண் பிடித்துவிடும். ஈவிரக்கம் இல்லாதவர்கள் இப்படி வேலைசெய்வார்களா, அன்பரே?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த அறையில் நின்றவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மின்விசிறியைப் போட முடியாது. சீவிய மெழுகு மூச்சுக் காற்றுக்கே பறக்கும். குளிரூட்டி வேலைசெய்யாத நாளில் மெழுகு இளகி, சீவ வராமல் நசியும். ஐஸ்கட்டியில் மெழுகுக் கட்டியைக் கவிழ்த்து வைத்து, நாலு சீவல், மறுபடி ஐஸ் என்று நகர்வோம். மாரியில் வேறு தொல்லை: ஈரக் காற்று மதுசாரத்தில் ஏறினால், சைலினில் வைத்ததும் கண்ணாடி பால் போல் வெளிறும். திரும்பவும் பின்னுக்குப் போய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

போமலின் புகை பற்றி நீண்டு எழுத விரும்பவில்லை. ஆனால் எழுதாமல் விடவும் முடியாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. நான் வேலைசெய்த ஓர் இடத்தில் புகையை வெளியே இழுக்கும் விசிறி எட்டு மாதம் பழுதாகிக் கிடந்தது. யன்னலைத் திறந்தால் புகை நோயாளர் காத்திருக்கும் நடைபாதைக்குப் போகும், மூடினால் எங்கள் நெஞ்சுக்குள் போகும். கண்ணீர் வழிய வழிய வெட்டு மேசையில் நின்ற சிற்றூழியர் அக்கா ஒருவருக்கு இளைப்பு வந்து, வேறு பகுதிக்கு மாற்றம் கேட்டார். வீட்டுக்கு வந்து தலை முழுகும்வரை என் மகள் என்னைக் கட்டிப்பிடிக்கமாட்டாள். புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் அறையில் நிற்பவர்களுக்கு ஒரு விசிறி வாங்கிக் கொடுக்க எட்டு மாதம் ஆகக்கூடாது.

இவற்றையெல்லாம் இப்போது எழுதத் தூண்டியது மூதூர்க் கடிதம் மட்டும் அல்ல. சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தம்பி ஒருவர் பொலித்தீன் பையோடு வந்து நின்றார். "அன்ரி, பஸ் ஒன்பது மணிக்குத்தான். அதுவரை இதை உங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் வைக்கலாமா? எங்கள் பெட்டி பழுது." பைக்குள் ஒரு போத்தல். தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் அவருடைய பெரியம்மாவின் முதுகிலிருந்து எடுத்த கட்டி. கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடு என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போமலின் கட்டியின் பாதியைக்கூட மூடவில்லை. பெயர் மூடியில். படிவத்தில் "கட்டி" என்ற ஒரு சொல். ஐஸ் கட்டும் அந்த மேல்தட்டில் வைத்திருந்தால் உறைந்து, ஐஸ் ஊசிகள் கலங்களைக் கிழித்திருக்கும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு அந்த நிலையத்துக்கே போனேன். முகம் சுளித்தார்கள். ஆனால் பெரிய போத்தல் கொடுத்தார்கள், நிறையப் போமலின் விட்டார்கள், படிவத்தையும் நிரப்பினார்கள். எல்லாம் பதினைந்து நிமிட வேலை. 250 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகும் பொருளுக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை?

ஆகவே கிழக்கு மாகாணத்தின் சுகாதாரப் பொறுப்பில் இருப்பவர்களையும் தனியார் நிலையங்களை நடத்துபவர்களையும் கேட்கிறேன். கத்தி வைக்கும் ஒவ்வொரு இடத்திலும், சனி ஞாயிறு உட்பட, நிரப்பிய அகன்ற வாய்ப் போத்தல்கள் இருக்கச் செய்யுங்கள். விலை கூடிய காரியம் அல்ல. செறிந்த கரைசலில் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு, கொஞ்சம் பொசுபேற்று உப்பு. புதிதாக வரும் தாதியரையும் பயிற்சி வைத்தியர்களையும் அரை நாள் ஆய்வுகூடத்தில் நிற்க வையுங்கள். இழையம் கெட்டு வந்தால் அதை எழுதி, அனுப்பிய விடுதிக்குத் திருப்பித் தெரிவிக்கும் புத்தகம் ஒன்று இருக்கட்டும். அதை யாரையும் தண்டிக்கப் பயன்படுத்தாதீர்கள். தண்டித்தால் அடுத்த முறை மறைப்பார்கள்.

போத்தலைக் கையில் வாங்கும் உறவினர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாங்கும் இடத்திலேயே நின்று பாருங்கள். கட்டி தண்ணீர் போன்ற திரவத்தில் தாராளமாக மூழ்கியிருக்கிறதா, அது போமலின்தானா, போத்தலின் உடலில் முழுப்பெயர் இருக்கிறதா, படிவத்தில் எங்கிருந்து எடுத்தது, எத்தனை நாள் நோய், முன்பு என்ன மருந்து எடுத்தார் என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வெயிலில், வாகனத்தின் முன்கண்ணாடியோரம் வைக்காதீர்கள். உறைய விடாதீர்கள். அறிக்கை வந்தபின் அதிலுள்ள ஆய்வுகூட இலக்கத்தை வேறொரு இடத்திலும் எழுதி வையுங்கள். நான் இருந்த இடங்களில் மெழுகுக் கட்டிகளைப் பல வருடம் பாதுகாத்தோம். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகும் நோயாளிக்கு அந்த இலக்கத்தைக் கொண்டே தேடி எடுத்துக் கொடுத்தோம்.

மூதூர் அன்பர் விரும்பினால் தங்கள் அலுவலகத்தின் ஊடாக என் முகவரியைப் பெற்றுக்கொள்ளலாம். கிண்ணியாப் பாலம் வந்தபின் தூரமும் பெரிதில்லை. அறிக்கையையும் தாயாரையும் கூட்டிக்கொண்டு வந்தால், ஏற்பிப் பரிசோதனை செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, செய்யப்படாவிட்டால் அந்த மெழுகுக் கட்டியைக் கேட்டு எழுத வேண்டிய கடிதத்தை அவரோடு இருந்து எழுதித் தருகிறேன். காலை பத்து மணிக்குப் பிறகு எந்நாளும் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
உவர்மலை, திருகோணமலை.